பிந்தி விழுந்த கைதட்டு

சுவரைப் பார்த்ததும் சால்டர் அக்காவுக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது.

காட்சிக்கூடத்தின் முன்மண்டபத்தில் இருபதடி அகலத்துக்கு ஒரு மரம் வரைந்திருந்தார்கள். இலையும் இல்லை, பூவும் இல்லை, வெறும் கிளைகள். மேலே 'நடன இசையின் வம்சாவளி' என்று கொட்டை எழுத்து. அடியில் டிஸ்கோ. அதிலிருந்து ஏறிய கோடு ஹவுஸுக்குப் போயிற்று. பக்கத்திலேயே டெக்னோ, இரண்டுக்கும் நடுவில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் கரண்டி வாங்கப் போய்வருவதுபோல் போகவும் வரவுமாகக் கோடுகள். ஹவுஸிலிருந்து ஆசிட், டெக்னோ பக்கமாக டிரான்ஸ். இன்னொரு மூலையில் டப் என்று தடித்த வேர் ஒன்று. அது ஜங்கிளுக்கு ஊட்டம் கொடுத்து, ஜங்கிள் வளர்ந்து ட்ரம் அண்ட் பேஸ் ஆகி, மறுபக்கம் ஹவுஸ் வழி வந்த கராஜோடு அதே டப் சம்பந்தம் பண்ணி டப்ஸ்டெப்பைப் பெற்றிருந்தது. யாருக்கு யார் பிள்ளை, யார் வீட்டில் யார் பெண் எடுத்தார்கள் என்பதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. வரைந்தவளுக்கு விஷயம் தெரியும் என்று அக்கா முதலில் சந்தோஷப்பட்டாள்.

அப்புறம்தான் நடுவில் இருந்த தங்க நிறச் சட்டத்தைப் பார்த்தாள். உள்ளே 'வெல்வெட்' என்று எழுதியிருந்தது. அந்த இசைக்கும் அதுதான் பெயர், அதைப் போட்ட மனுஷனுக்கும் அதுதான் பெயர். சட்டத்திலிருந்து பத்துக் கோடுகள் வெளியே போயின. உள்ளே வருகிற கோடு ஒன்றுகூட இல்லை. கீழே சின்ன எழுத்தில், 'தானாய்ப் பிறந்தது.'

"ஏம்மா, இவன் மட்டும் என்ன வானத்துல இருந்து குதிச்சானா?" என்றாள்.

காட்சிக்கூடப் பொறுப்பாளர் முப்பது வயதுப் பெண். மூன்று வருடம் ஆராய்ந்து அந்த மரத்தை வரைந்தவள் அவள்தான். அவளுக்கு முகம் சுருங்கியது. "நானும் கேட்டேங்க்கா. முன்னாடி எதுவும் இல்ல, எல்லாம் என் இதயத்துல இருந்து வந்ததுன்னு சொல்லிட்டார். அவர் சம்மதிக்காம போட முடியாது. பெட்டியைக் குடுக்கறதே அவர்தான்."

பெட்டி என்றால் டிரம் மெஷின், பொத்தானை அழுத்தினால் தானே தாளம் போடும் கருவி. வெல்வெட் தன் முதல் இசைத்தட்டை உருவாக்கியது அதில்தானாம். முப்பது வருடம் பீரோவில் பூட்டிவைத்திருந்ததை இப்போது காட்சிக்கூடத்துக்குக் கொடுக்கிறார். இன்னும் பன்னிரண்டு நாளில் திறப்பு விழா. காலை பதினொரு மணிக்கு அவரே மேடையில் அதை வாசிக்கப்போகிறார். ஆனால் பெட்டியில் கரண்ட் ஏறவில்லை. இந்த ஊரில் இவ்வளவு பழசைத் தொட்டுப் பார்க்க சால்டர் அக்காவை விட்டால் வேறு ஆள் கிடையாது. அதற்காகத்தான் கூப்பிட்டிருந்தார்கள். பழுது பார்ப்பவள் பெயரை வெல்வெட் கேட்கவில்லை, பொறுப்பாளரும் சொல்லவில்லை.

அக்கா பெட்டியை வாங்கிக்கொண்டாள். பெட்டிக்கும் தங்க நிறப் பெயின்ட் அடித்திருந்தது. அதுவும் பொறுக்கவில்லை அவளுக்கு. சாம்பல் நிறத்தில் லட்சணமாக வரும் பெட்டி அது.

அவளுடைய கடை ஒரு சலவைக் கடைக்கு மேலே, முதல் மாடியில். கீழே மெஷின்கள் துணி பிழியும்போது அவள் மேஜை ஆடும். பிழிந்து முடிக்கும் வரை காத்திருந்து, ஆட்டம் நின்றதும் ஈயத்தை வைப்பாள்; அந்த ஈயப் பற்றுவேலைக்குத்தான் சால்டர் என்று பெயர், அதுவே அவளுக்கும் பெயராகிவிட்டது. முப்பத்தைந்து வருடப் பழக்கம். இசை தெரியாது, ஆடத் தெரியாது, ஆனால் யார் என்ன வாசிக்கிறார்கள் என்று பெட்டியைப் பார்த்தே சொல்லிவிடுவாள். ஹவுஸ்காரன் பெட்டியில் கைதட்டுச் சத்தம் எழுப்பும் பொத்தான் தேய்ந்திருக்கும். ஆசிட்காரன் ஒரே ஒரு திருகை விடாமல் திருகித் திருகி அதை மொட்டையாக்கியிருப்பான். டிரான்ஸ்காரன் கீபோர்டில் மேல்கட்டைகள் மட்டும் அழுக்கு. டப்காரன் எதிரொலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு மாசம் ஒருதரம் வருவான். "சத்தம் வந்துச்சா? வந்துச்சு. அடுத்தது." இதுதான் அவள் சாஸ்திரம். உட்கார்ந்து கேட்பதெல்லாம் வேலை வெட்டி இல்லாதவர்கள் சமாச்சாரம் என்பாள்.

மூடியைக் கழற்றினாள். கரண்ட் வருகிற பக்கம் இரண்டு சாமான் செத்திருந்தது. அரை மணி வேலை. பிறகு பலகையைத் திருப்பினாள். திருப்பியவள் கையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு ஈயப் பற்றின்மேல் சிவப்பு நகப்பாலிஷ் பொட்டு.

அந்தப் பொட்டை வைத்தது அவள். தான் கைவைத்த எந்தப் பற்றின்மேலும் ஒரு சொட்டு வைப்பாள். திரும்பி வந்தால் தன் வேலை எது, அடுத்தவன் வேலை எது என்று தெரியவேண்டும். கல்யாணமான புதிதில் ஒரு பாட்டில் வாங்கி, ஒருநாள் நகத்தில் போட்டுப் பார்த்து, பிடிக்காமல் கடைக்குக் கொண்டுவந்தாள். அன்றிலிருந்து அதே சிவப்பு. இந்த ஊரில் பாதிப் பெட்டிகளின் வயிற்றில் அந்தப் பொட்டு இருக்கிறது.

ஆனால் இந்த மாதிரிப் பெட்டி அவள் கைக்கு ஒன்றே ஒன்றுதான் வந்திருக்கிறது. அது அவள் தம்பியுடையது. "போஸ்டர்! அடப்பாவி!" என்று தனியாக உட்கார்ந்து கத்தினாள். கீழே சலவைக்காரர் என்னவோ ஏதோ என்று மாடிப்படியில் பாதி ஏறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

வெல்வெட் அந்தக் காலத்தில் வெல்வெட் இல்லை. போஸ்டர். தம்பி ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஸ்கேட்டிங் கூடத்தில் இசை போடுவான். அதற்குச் சுவரில் போஸ்டர் ஒட்டுவது இவன் வேலை. அக்கா வீட்டிலேயே சாப்பிட்டு, அக்கா வீட்டிலேயே தூங்கி, "அக்கா, இன்னும் கொஞ்சம் குழம்பு" என்று தட்டை நீட்டியவன். ஒருநாள், வெளியூரில் பதிவு இருக்கிறது, ஒரே வாரம் என்று தம்பியின் பெட்டியை வாங்கிக்கொண்டு போனான். வெறுங்கையோடு வந்தான். ரயிலில் பையோடு திருட்டுப் போய்விட்டதாம். வாசலில் உட்கார்ந்து அழுத அழுகை இருக்கிறதே! தம்பி அவன் முதுகைத் தடவி, டீ வாங்கிக் கொடுத்து, "விடுடா, பெட்டிதானே" என்றான். அக்கா தன் கையால் முகம் துடைக்கத் துண்டு கொடுத்தாள். திருடனுக்கு டீயும் கொடுத்துத் துண்டும் கொடுத்த குடும்பம் உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கும்.

இரண்டு வருடம் கழித்து இசைத்தட்டு வந்தது. 'வெல்வெட்' என்று பட்டுப்போன்ற பெயர். அதே இசையைத் தம்பி போட்டபோது ஸ்கேட்டிங் கூடத்தில் ஆடிய ஜனங்கள் அதற்கு வைத்திருந்த பெயர் இழுவை. "இன்னிக்கு இழுவை உண்டா?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். வழக்கமான ஹவுஸ்தான்; நாலு தும், இரண்டாவதிலும் நாலாவதிலும் ஒரு கைதட்டு. ஆனால் கைதட்டு தும்மோடு சேர்ந்து விழாது. ஒரு மயிரிழை பிந்தி, தயங்கி, வரலாமா வேண்டாமா என்பதுபோல் வந்து விழும். தம்பி அதற்குத் தோதாக வேகத்தையும் குறைத்தான். ஆடுகிறவர்கள் இடுப்பு தானாக ஒரு பக்கம் சாய்ந்தது. பிற்பாடு அதே இழுவையை எடுத்துத்தான் ஆளாளுக்கு வேறு வேறு இசை செய்தார்கள். சுவரில் இருந்த பத்துக் கோடுகளும் அந்தப் பத்துதான்.

ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே! தம்பி பெட்டியில் செய்துவிட்டு இதயத்திலிருந்து வந்ததாமே!

பொங்கிப்போய் பலகையை விளக்கின் அடியில் இழுத்தாள். அப்போதுதான் இரண்டாவது விஷயம் கண்ணில் பட்டது.

நகப்பாலிஷ் வைத்த இடத்தில் இருந்தது ஒரு கண்டென்சர். கைதட்டுக்கு வருகிற உத்தரவை ஒரு கணம் தேக்கி அனுப்புகிற சின்னச் சாமான். அதன்மேல் எழுதியிருந்த அளவு தப்பு. இருக்க வேண்டியதைப்போல் பத்து மடங்கு. டம்ளர் வைக்க வேண்டிய இடத்தில் வாளியை வைத்திருந்தாள். வாளி நிறைந்து வழிந்த பிறகுதானே கைதட்டு கிளம்பும்?

ஞாபகம் வந்தது. தம்பி பெட்டியில் ஆரஞ்சு ஜூஸ் கொட்டிவிட்டான். கைதட்டு மட்டும் செத்துப்போயிற்று. ஒரு சனிக்கிழமை, டிராயரில் கைக்குக் கிடைத்ததை எடுத்து வைத்தாள். சத்தம் வந்துச்சா? வந்துச்சு. அடுத்தது. மறுநாள் ஞாயிறு. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஊரில் முதல்முதலாக இழுவை கேட்டது.

பெட்டியை ஓடவிட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக உட்கார்ந்து கேட்டாள். தும்... டப். பிந்தித்தான் விழுந்தது. சரியான அளவுக் கண்டென்சரை எடுத்துக் கம்பியால் பிடித்து மாற்றிக் கேட்டாள். நேராக விழுந்தது. பழையதை வைத்தாள், பிந்தியது. நாலு முறை மாற்றி மாற்றிப் பார்த்தாள். வெல்வெட்டின் இதயமும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. அவள் செய்த தப்பு.

மறுநாள் தம்பியைப் பார்க்கப் போனாள். அவன் இப்போது டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறான். மத்தியானச் சாப்பாட்டு நேரம். பயிற்சி மைதானத்தில் ஆரஞ்சு நிறக் கூம்புகளுக்கு நடுவே காரை நிறுத்திவிட்டு, டிபன் டப்பாவை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன். அவளைப் பக்கத்து இருக்கையில் உட்காரச் சொன்னான்.

"டேய், உன் பெட்டி கிடைச்சிடுச்சு. போஸ்டர்கிட்டயே இருந்திருக்கு. முப்பது வருஷமா."

அவன் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். அப்புறம் மறுபடி மென்றான். "அப்படியா" என்றான்.

"அப்படியாவா? மண்டபம் முழுக்க அவன் பேரு. தானாய்ப் பிறந்ததாம். உனக்கு எதுவுமே சுடலையா? ரத்தம் ஓடுதா, தண்ணி ஓடுதா?"

"விடுக்கா. யார்தான் எடுக்கலை? ஹவுஸ்காரன் டிஸ்கோவுல இருந்து எடுத்தான். ஜங்கிள்காரன் எவனோ வாசிச்ச டிரம்மை வேகமா ஓடவிட்டான். நான் ஹவுஸை எடுத்தேன். எடுத்து எடுத்துத்தான் இந்த இசையே வந்துச்சு."

"எடுத்தவன் எடுத்தேன்னு சொல்லிட்டுப் போறான். இவன் முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறான்!"

தம்பி டப்பாவை மூடினான். "அவனுக்கு அது வந்துச்சுக்கா. எனக்குப் போயிடுச்சு. உனக்குத் தெரியாது, பெட்டி போனப்புறம் அதே மாதிரி இன்னொண்ணு வாங்கினேன். ஆறு மாசம் ராத்திரி பகலா எல்லாத் திருகையும் திருகிப் பார்த்தேன். நேராவே விழுந்துச்சு. அவன் இசைத்தட்டுல பார்த்தா அப்படியே இழுக்குது. அப்பதான் புரிஞ்சுது. பெட்டில ஒண்ணும் இல்ல. என் கைதான் போச்சு. அதோட விட்டுட்டேன்."

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. 'உன் கை போகலைடா, நான்தான் தப்பான சாமானை வெச்சேன்' என்று சொல்ல வாயைத் திறந்தாள். வரவில்லை. தப்புச் சாமான் ஒன்றுகூட என் கடையைத் தாண்டினதில்லை என்று முப்பத்தைந்து வருடமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த வாய் அது. ஆறு மாதம் ஒருத்தன் தன் கையைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, இரண்டு தெரு தள்ளி அவள் அடுத்தது அடுத்தது என்று வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். என்ன அக்கா அவள்? எழுந்து வந்துவிட்டாள்.

கடைக்கு வந்து போனைக் கையில் எடுத்தாள். பொறுப்பாளரிடம் சொல்லலாம். சொன்னால்? ஊர் அறிந்த வெல்வெட் ஒரு பக்கம், சலவைக் கடை மாடியில் ஈயம் காய்ச்சுகிறவள் ஒரு பக்கம். யார் நம்புவார்கள்? பெட்டியோடு வந்த தாளை எடுத்து, காட்சிக்கூடத்தின் எண்ணைத் தேடினாள். அப்போதுதான் தாளை ஒழுங்காகப் படித்தாள்.

'பெட்டியின் எல்லா ஒலிகளையும் தொழிற்சாலை அளவுப்படியே கொண்டுவந்து, தப்பான பாகம் ஏதும் இருந்தால் நீக்கி, புத்தம் புதிதாய் ஆக்கித் தரவும்.' கீழே வளைத்து நெளித்து ஒரு கையெழுத்து. வெல்வெட்டின் கையெழுத்து.

அக்கா இரண்டாம் முறை படித்தாள். மூன்றாம் முறை வாய்விட்டுப் படித்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இது கையெழுத்தே போட்டுக் கொடுத்திருக்கிறது! முப்பது வருடத்தில் ஒருநாளாவது மூடியைத் திறந்து பார்த்திருந்தால் இப்படி எழுதியிருப்பானா?

"புத்தம் புதுசு வேணுமா ராசா? இந்தா" என்று ஈயக்கோலைச் சூடேற்றினாள். கீழே துணி பிழியும் ஆட்டம் நிற்கும் வரை காத்திருந்தாள். பழைய கண்டென்சரைக் கழற்றி ஒரு சின்னக் காகித உறையில் போட்டு இடுப்புப் பையில் வைத்தாள். புதியதை வைத்தாள். சிவப்புப் பொட்டைப் புதுப்பித்தாள்.

திறப்பு விழா அன்று காலை தம்பிக்குப் போன் செய்தாள். "பெட்டியைக் கொண்டுபோய்க் குடுக்கணும். உன் காரை எடுத்துட்டு வா. என்னால மாடியில இருந்து தூக்க முடியாது, முட்டி வலிக்குது." முட்டிக்கு ஒன்றுமில்லை. அவன் வந்தான். விழாவைப் பார்க்க ஆசையில்லை என்று படியிலேயே சொன்னவன், பெட்டியைப் பின்சீட்டில் வைத்து, குழந்தையை உட்காரவைப்பதுபோல் சீட்பெல்ட்டை இழுத்து மாட்டினான். மாட்டிவிட்டு ஒரு நொடி அதன்மேல் கையை வைத்திருந்தான். அக்கா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. பாதிப் பேர் அவள் வாடிக்கையாளர்கள். ஹவுஸ்காரர்கள், டெக்னோக்காரர்கள், எப்போதும் காதில் பஞ்சு வைத்திருக்கும் ட்ரம் அண்ட் பேஸ்காரர். தம்பி கடைசியில் வாசலோரம் கார் சாவியை விரலில் மாட்டியபடி நின்றான். "அஞ்சு நிமிஷம்தான். பன்னெண்டுக்கு எனக்கு ஒரு ரிவர்ஸ் பார்க்கிங் இருக்கு" என்றான்.

வெல்வெட் மேடைக்கு வந்தார். நரைத்த முடியைக் குடுமி போட்டிருந்தார். பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். "ஒருநாள் என் நெஞ்சுல கைய வெச்சேன். துடிப்பு கொஞ்சம் தயங்கிச்சு. அந்தத் தயக்கம்தான் வெல்வெட். அதை எனக்கு யாரும் சொல்லித் தரலை. நான் யார்கிட்டயும் வாங்கலை."

"நெஞ்சு தயங்கினா டாக்டரைப் பார்க்கணும்" என்று அக்கா சொன்னது முன்வரிசைக்குக் கேட்டது.

வெல்வெட் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பொத்தானை அழுத்தினார்.

தும், டப். தும், டப்.

நேராக. ஆணி அடித்ததுபோல் நேராக. கூட்டம் தலையாட்டத் தயாராக இருந்தது; ஆட்டிப் பார்த்தது; பாதியில் நிறுத்தியது. இது வெறும் ஹவுஸ். நல்ல, சுத்தமான, ஊரில் யாரும் எந்தக் கடையிலும் போடக்கூடிய ஹவுஸ். வெல்வெட் சிரித்துக்கொண்டே ஒரு திருகைத் திருப்பினார். அடுத்ததைத் திருப்பினார். வேகத்தைக் குறைத்தார்; மெதுவான ஹவுஸ் வந்தது. எல்லாத் திருகையும் திருப்பி முடித்தபோது சிரிப்பு போய், முகம் பேயறைந்ததுபோல் ஆகிவிட்டது. தம்பி ஆறு மாதம் செய்ததைத்தான் அவர் இப்போது ஐந்து நிமிடமாகச் செய்தார்.

"இதைத் தொட்டது யாரு?" என்று மைக்கிலேயே கத்தினார். "என்னவோ கெடுத்து வெச்சிருக்காங்க! தொட்டது யாரு?"

"நான்தான்" என்று அக்கா மேடையில் ஏறினாள். "தெரியலையா போஸ்டர்? குழம்பு ஊத்தினவடா. இப்பவும் நான்தான் தொட்டேன், முப்பது வருஷத்துக்கு முன்னாடியும் நான்தான் தொட்டேன். ரயில்ல திருட்டுப் போன பெட்டி எப்படிடா உன் பீரோவுக்கு நடந்து வந்துச்சு?"

பொறுப்பாளர் ஓடிவந்தாள். அக்கா தாளை நீட்டினாள். "தப்பான பாகத்தை எடுத்துட்டுப் புத்தம் புதுசாக்குன்னு இவரே எழுதியிருக்கார். எடுத்தேன். புதுசாயிடுச்சு. நம்பலைன்னா மூடியைக் கழட்டுங்க. சிவப்பு நகப்பாலிஷ் இருக்கும். அடியில பழைய பாலிஷும் இருக்கும், மேல புதுசும் இருக்கும்."

"என் பெட்டியிலயும் அது இருக்கு" என்றார் காதில் பஞ்சு வைத்தவர். "என்னோடதுலயும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அப்புறம் நாலைந்து குரல்கள்.

"சரி, அவன் பெட்டிதான்!" என்று வெல்வெட் வெடித்தார். "அதனால என்ன? ஸ்கேட்டிங் கூடத்தோட செத்துப்போயிருக்கும் அது. உலகம் பூரா கொண்டுபோனது நான். நான் இல்லன்னா இந்தச் சுவர்ல அந்தப் பத்துக் கோடு ஏது?"

"கொண்டுபோ. வேணாம்னு யார் சொன்னா? தூக்கிட்டுப் போன குழந்தையை நல்லாவே வளர்த்தேன்னு வெச்சுக்குவோம். அதுக்காகப் பெத்தவனே கிடையாதுன்னு சுவர்ல எழுதுவியா? அவன் உசுரோட டிரைவிங் ஸ்கூல்ல கியர் மாத்தச் சொல்லிக்குடுத்துட்டு இருக்கான்டா!"

கூட்டம் விலகியது. தம்பி நடந்து வந்துகொண்டிருந்தான். வெல்வெட், "மச்சான்..." என்று ஒரு எட்டு முன்னால் வந்தார். தம்பி அவரைப் பார்க்கவே இல்லை. பெட்டியையும் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தான்.

"நேரா விழுந்துச்சு" என்றான். "நான் வாங்கின இன்னொரு பெட்டி மாதிரியே. இதுல இருந்து எதை எடுத்த?"

அக்கா இடுப்புப் பையிலிருந்து காகித உறையை எடுத்து, அவன் உள்ளங்கையில் கவிழ்த்தாள். விரல்நுனி அளவுக்கு இருந்தது கண்டென்சர். "ஜூஸ் கொட்டினப்போ நான் வெச்சது. அளவு தப்பு. அதான் பிந்தி விழுந்துச்சு. எனக்குத் தெரியாதுடா. சத்தியமா அப்போ தெரியாது. உன் கைக்கு ஒண்ணும் ஆகலை. உன் கை போகவே இல்ல."

அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எப்போ தெரிஞ்சுது?"

"பன்னெண்டு நாளாச்சு."

"நீ காருக்கு வந்தியே, அன்னிக்கே தெரியும்?"

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"என் கை போச்சுன்னு நான் சொல்லச் சொல்லக் கேட்டுட்டு, எழுந்து போயிட்ட." அவன் குரல் உயர்ந்தது. முப்பது வருடத்தில் அந்தக் குரலை அவள் கேட்டதில்லை. "அவன் திருடன். அவன்கிட்ட நான் எதையும் எதிர்பார்க்கலை. நீ என் அக்கா! இந்தக் கையை நான் எத்தனை நாள் செவுத்துல குத்திக்கிட்டேன் தெரியுமா? ஒரு வார்த்தை. தப்பா வெச்சுட்டேன்டான்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்குப் பன்னெண்டு நாள் வேணுமா?"

வெல்வெட்டைத் திட்டச் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகள் இன்னும் நிறைய இருந்தன. எல்லாம் இப்போது அவள் பக்கமே திரும்பிக் குத்தின. "வெட்கமா இருந்துச்சுடா" என்று மட்டும் சொன்னாள்.

தம்பி மூக்கை உறிஞ்சினான். சாவியைச் சட்டைப்பையில் போட்டான். "ஈயக்கோல் கொண்டுவந்திருக்கியா?"

"அது இல்லாம நான் எங்க போயிருக்கேன்?"

"அப்போ இதை மாட்டு."

"பெட்டியைத் தொடக்கூடாது, அது இப்போ காட்சிக்கூடத்துச் சொத்து" என்று வெல்வெட் ஆரம்பித்தார். பொறுப்பாளர் சுவரின் பக்கமிருந்து, "ஆமா, காட்சிக்கூடத்துச் சொத்து. நான்தான் பொறுப்பாளர். மாட்டுங்கக்கா" என்றாள். அவள் கையில் கரித்துண்டு இருந்தது. ஹவுஸிலிருந்து ஒரு கோட்டை இழுத்துக்கொண்டு வந்து, தங்கச் சட்டத்துக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்திவிட்டு, தம்பி பக்கம் திரும்பினாள். "இங்க என்ன எழுதணும்?"

"இழுவைன்னு எழுதுங்க" என்றான். "என் பேரையும் போடுங்க. போடணும். ஆனா ஹவுஸ்ல இருந்து மட்டும் கோடு போட்டா அதுவும் பொய். இந்த அக்காவோட டிராயர்ல இருந்தும் ஒண்ணு போடுங்க."

"என் பேரை ஒண்ணும் போட வேணாம்! தப்பு வெச்சவள்னு ஊர் சிரிக்கவா?" என்று, பெட்டியை இறக்கிவைத்து மேடைத் தரையில் உட்கார்ந்துவிட்ட அக்கா கத்தினாள்.

"சிரிக்கட்டும். நீ மறைச்ச பன்னெண்டு நாளுக்கு அதுதான் உனக்குத் தண்டனை."

அவன் டார்ச்சைப் பிடித்தான். அவள் புதியதைக் கழற்றி, தப்பானதை எடுத்து வைத்தாள். தெரிந்தே தப்பானதை வைப்பது அவள் தொழிலில் இதுதான் முதல் தடவை. சிவப்புப் பொட்டு வைத்தாள். மூடியைப் போட்டாள்.

தம்பி மண்டியிட்டபடியே பொத்தான்கள்மேல் விரலை வைத்தான். தும்... டப். தும்... டப். பஞ்சு வைத்தவர் காதிலிருந்து பஞ்சை எடுத்தார். வெல்வெட் மேடையின் பக்கவாட்டுப் படியில் இறங்கிப் போனதை யாரும் கவனிக்கவில்லை. தம்பியின் வலது குதிகால் தரையைத் தட்ட ஆரம்பித்தது. தும்மோடு இல்லை, அந்தப் பிந்தி வரும் கைதட்டோடு.

சத்தம் வந்துச்சா? வந்துச்சு. அக்கா ஈயக்கோலின் வயரைப் பிடுங்கினாள். ஆனால் எழுந்து போகவில்லை. அவன் போதும் என்று தானாக நிறுத்தும் வரை, தரையில் அப்படியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.